எக்ஸ் ஒன்று கூடுதல்: மரபணு ஆலோசனைப் பிரிவு பற்றி என் விமர்சனம்

சிங்கப்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் மரபணு ஆலோசனைப் பிரிவுக்கு நானும் மனைவியும் போய் வந்தோம். போவதற்கு முன்னால் அங்கே என்ன நடக்கும், என்ன கேட்பார்கள், எவ்வளவு ஆகும் என்று தமிழில் தேடிப் பார்த்தேன். உருப்படியாக எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடப் போவதில்லை. அந்த வளாகத்து லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒப்பந்தம் நான் வேலை பார்க்கும் கம்பெனியிடம் இருக்கிறது. புகழ்ந்தால் சந்தேகப்படுவார்கள், குறை சொன்னால் எனக்குத்தான் வம்பு.

விஷயம் இதுதான். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் பெரும்பாலோருக்கு ஒரு செல்லில் 46, எனக்கு 47. ஆண்களுக்கு வழக்கமாக எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று இருக்கும். எனக்கு எக்ஸ் இரண்டு, ஒய் ஒன்று. கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் என்று அறிக்கையில் எழுதியிருந்தது. மருத்துவமனையில் பலரும் எக்ஸ்எக்ஸ்ஒய் என்றே சொன்னார்கள். வயது முப்பத்தேழு ஆகும்வரை இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. உயரம் 186 சென்டிமீட்டர், கால் மட்டும் நீளம். தேக்காவில் என் தையற்காரர் கால்சட்டைத் துணிக்குக் கூடக் காசு கேட்பார். தேசிய சேவை செய்தேன், ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்தில் படித்தேன், ஈசூனில் வீடு வாங்கினேன். கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்ற ஒன்றைத் தவிர ஒரு குறையும் கிடையாது.

அந்த ஒன்றுக்காக என் மனைவி பட்டது கொஞ்சமல்ல. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று ஒரு பெரியம்மா சொன்னார். அவள் சஷ்டி விரதம் இருந்தாள். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் பால்குடம் எடுத்தாள். ஹார்மோன் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் அவளுக்கே நடந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்த பிறகும், 'இன்னும் ஒரு தடவை நல்ல டாக்டராப் பாருங்க' என்று அவளிடம்தான் சொன்னார்கள். என்னைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆளிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

மருத்துவமனைக்கு முன்னால் போன தனியார் கிளினிக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. ஆண்கள் நலத்துக்கென்றே நடத்தும் கிளினிக். எனக்கு எப்போதும் அசதி, மாலையில் வேலை முடிந்து வந்தால் நாற்காலியிலேயே தூங்கிவிடுவேன். அதற்காகப் போனோம். வரவேற்பறையில் தோல் சோபா, கோப்பி இயந்திரம், சுவரில் டென்னிஸ் மட்டையோடு நரைமுடிக்காரர் படம். ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்தது. உடனே ஒரு விலைப்பட்டியலை நீட்டினார்கள்: ஊசி தனித்தனியாகப் போட்டால் ஒரு விலை, மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி. ஏன் குறைவு என்று யாரும் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் எழுந்து வரவே இல்லை.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்த ஊசி போட்டா குழந்தை உண்டாகிறதுக்கு நல்லதா, கெட்டதா?" அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், நானும் பின்னாலேயே வந்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது பிறகுதான் புரிந்தது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்துக்கொண்டு, விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். கொஞ்சநஞ்சம் விந்தணு உற்பத்தி இருந்தாலும் அதுவும் படுத்துவிடும். குழந்தை வேண்டும் என்று நினைக்கிற ஆளுக்கு அந்த ஊசியை முதலில் போடக்கூடாது. லிஃப்ட் நின்றுவிட்டால் நான் மின்வரைபடத்தை விரித்துப் பார்க்காமல் ஒரு ஒயரைக்கூடத் தொடமாட்டேன். அங்கே வரைபடமே கேட்காமல் பாகத்தை விற்கப் பார்த்தார்கள். அந்தக் கிளினிக்குக்கு என் மதிப்பெண் பூஜ்யம். கோப்பி மட்டும் நன்றாக இருந்தது.

சரி, மருத்துவமனைக்கு வருவோம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனோம். அப்படிப் போனால் மானியக் கட்டணம். முதலில் பார்த்தது ஆண் மலட்டுத்தன்மைக்கான சிறப்பு மருத்துவரை. நடுத்தர வயது மலாய்க்காரர், கலகலப்பான மனிதர். விந்துப் பரிசோதனையில் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்திருந்தது. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மணிமாலையை எடுத்தார். கயிற்றில் கோத்த முட்டை வடிவ மணிகள், சிறியதிலிருந்து பெரியது வரை, ஒவ்வொன்றிலும் எண்: 1 மில்லிலிட்டரில் தொடங்கி 25 வரை. ஒரு கையில் மாலை, மறு கையில் நான். விரையின் அளவை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் 15க்கு மேல் இருக்கும். எனக்கு 4க்கே வரவில்லை. "நேஷனல் சர்வீஸில் யாரும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, அவரே "யார் சொல்வார், யாருக்குத் தெரியும்" என்று சிரித்தார். இத்தனை வருஷத்தில் என் உடம்பைக் கை வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். ஹார்மோனுக்கு ஒரு குழாய், பச்சை மூடி போட்ட குழாய் ஒன்று குரோமோசோமுக்கு. குரோமோசோம்களை ரத்தத்தில் அப்படியே எண்ணிவிட முடியாது. ரத்தத்தின் வெள்ளையணுக்களை ஆய்வகத்தில் மூன்று நாள்போல வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் மருந்து போட்டு நிறுத்தி, சாயமேற்றி, நுண்நோக்கியில் படம் பிடித்து, ஜோடி ஜோடியாக அடுக்குகிறார்கள். அதனால் முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஆள் பைத்தியமாகிவிடுவான், அது வேறு விஷயம். முடிவை டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "இதைப் பேச என்னைவிட நல்ல ஆள் இருக்கிறார்" என்று மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார்.

நான் விமர்சனம் எழுத வந்தது இந்த ஆலோசகரைப் பற்றித்தான். சின்ன அறை, ஜன்னல் இல்லை. மேசையில் கைக்குட்டைப் பெட்டி, பென்சில், வெற்றுத்தாள். சீனப் பெண், என்னைவிட வயது குறைவு. முதலில் எதையும் விளக்காமல் குடும்ப மரம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. சித்தப்பா யார், அத்தைக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்காவது குழந்தை இல்லையா, சின்ன வயதில் யாராவது இறந்தார்களா. அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அப்பா கட்டியது சொந்த அத்தை மகளை. இதனால்தானா என்று கேட்டேன். உறவில் கல்யாணம் செய்தால் சில மரபணு நோய்களுக்கு வாய்ப்பு கூடும், உங்கள் விஷயம் அந்த வகையில் சேராது என்று சொல்லி, அந்தச் சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டுவிட்டு மேலே போனார்.

அப்புறம் என் குரோமோசோம் படத்தைத் திருப்பிக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் வரிவரியாகப் பட்டை போட்ட சின்னக் குச்சிகள். 1 முதல் 22 வரை இரண்டிரண்டு. கீழே வலது மூலையில் ஒரே உயரத்தில் இரண்டு எக்ஸ், பக்கத்தில் குட்டையாக ஒரு ஒய். என் உடம்பைப் பற்றிய காகிதங்களில் நான் ரொம்ப நேரம் பார்த்தது இதைத்தான். மனைவி செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதையே உலகம் 1956இல்தான் சரியாகத் தெரிந்துகொண்டது. அதுவரை 48 என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. ஸ்வீடனில் இருந்துகொண்டு அதைத் திருத்தியவர்களில் ஒருவரான ஜோ ஹின் ஜியோ, பக்கத்து ஜாவாவில் பிறந்தவர். இந்த சிண்ட்ரோமுக்குப் பெயர் தந்த டாக்டர் ஹாரி கிளைன்ஃபெல்டர் பாஸ்டனில் ஒன்பது ஆண்களைப் பார்த்து 1942இல் எழுதினார். உயரம், சின்ன விரைகள், மார்பு வளர்ச்சி, விந்தணு இன்மை. ஆனால் காரணம் அவருக்குத் தெரியாது. 1959இல் எடின்பரோவில் பெட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் எண்ணிப் பார்த்தபோதுதான் கூடுதல் எக்ஸ் தெரிந்தது. இது நான் வீட்டுக்கு வந்து படித்தது. ஆலோசகர் வரலாறு எல்லாம் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். அதுவே எனக்குப் பிடித்தது.

மனைவி கேட்ட முதல் கேள்வியே நான் கேட்கப் பயந்த கேள்வி. இரண்டு எக்ஸ் என்றால் இவர் பாதிப் பெண்ணா? ஆலோசகர் சிரிக்கவில்லை, முகம் மாறவும் இல்லை. கருவில் ஆணா பெண்ணா என்று திருப்பிவிடுவது ஒய்யில் இருக்கும் எஸ்ஆர்ஒய் என்ற ஒரு மரபணு. 1990இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். எக்ஸ் எத்தனை இருந்தாலும் அந்த மரபணு வேலை செய்தால் விரை உருவாகும், உடல் ஆண் வழியில் போகும். கூடுதல் எக்ஸைப் பெரும்பாலும் உடம்பே சுருட்டி மூடி வைத்துவிடும். சாதாரணப் பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒரு எக்ஸ் இப்படித்தான் மூடியிருக்கும். ஆனால் முழுசாக மூடாது, சில மரபணுக்கள் தப்பித்து வேலை செய்யும். அதில் ஒன்று ஷாக்ஸ், எலும்பு வளர்ச்சிக்கானது. பிறருக்கு இரண்டு, எனக்கு மூன்று. என் தையற்காரரின் கூடுதல் காசுக்கு அது ஒரு காரணம்.

அதே மரபணு ஒன்றே ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு ஒரு தனி அட்டை வைத்திருந்தார். எக்ஸ் ஒன்று மட்டும் இருந்து இரண்டாவது இல்லாமல் பிறக்கும் பெண்களுக்கு இருப்பது டர்னர் சிண்ட்ரோம். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளுக்கு ஒருவர். உயரம் குறைவு, சினைப்பை சீக்கிரம் ஓய்ந்துவிடும், சிலருக்கு இதயத்தின் பெருந்தமனி குறுகியிருக்கும். வளர்ச்சி ஹார்மோன் சின்ன வயதிலேயே தொடங்கினால் உயரம் கூடும், இதயத்தை வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும். இப்படி உருவாகும் கருக்களில் மிகப் பெரும்பான்மை பிறக்காமலே கலைந்துவிடும். எக்ஸ் மூன்று உள்ள பெண்கள் ஆயிரத்தில் ஒருவர். பலருக்குச் சாகும்வரை தெரியாது, சற்று உயரம், சிலருக்குப் பேச்சு தாமதம், பெரும்பாலோர் பிள்ளை பெறுகிறார்கள். ஒய் இரண்டு உள்ள ஆண்களும் ஆயிரத்தில் ஒருவர். இரண்டு எக்ஸும் இரண்டு ஒய்யுமாக 48 உள்ளவர்களும் இருக்கிறார்கள், மிக அபூர்வம். சிலருக்கு உடம்பின் சில செல்களில் 46, சிலவற்றில் 47 என்று கலந்திருக்கும், அவர்களுக்கு விளைவு லேசாக இருக்கலாம்.

ஒய் இரண்டு உள்ளவர்களின் கதை எனக்குக் கோபம் வரவழைத்தது. 1965இல் ஸ்காட்லாந்தில் கடுங்காவல் மனநல மருத்துவமனை ஒன்றில் அப்படிப்பட்ட ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தார்கள் என்று ஓர் ஆய்வு வந்தது. அவ்வளவுதான், குற்றவாளிக் குரோமோசோம் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளிவிட்டன. சிகாகோவில் எட்டு நர்ஸ்களைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கு இரண்டு ஒய் என்று செய்தி பரவியது. சோதித்தால் அவனுக்குச் சாதாரண எக்ஸ்ஒய். 1976இல் டென்மார்க் ஆய்வு வன்முறைக்கும் அதற்கும் தொடர்பைக் காணவில்லை. ஆனால் கதை மட்டும் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என் மச்சானே அனுப்பினான்.

எக்ஸ்ஒய் இருந்தும் பெண்ணாகவே பிறந்து வளர்பவர்கள் உண்டு. உடம்பு ஆண் ஹார்மோனுக்குச் செவிசாய்க்காது, அல்லது விரை உருவாகியே இருக்காது. எக்ஸ்எக்ஸ் இருந்தும் ஆணாகப் பிறப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அப்பாவின் ஒய்யிலிருந்து எஸ்ஆர்ஒய் துண்டு எக்ஸில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இதைக் கேட்டதும் எனக்குப் புதுக்கோட்டை சாந்தி சௌந்திரராஜன் நினைவுதான் வந்தது. அப்பா வழியில் நாங்களும் அந்த மாவட்டம். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார், பிறகு பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அப்போது எங்கள் வீட்டிலும் ஆளுக்கொன்று பேசினார்கள். 1968 முதல் ஒலிம்பிக்கில் வீராங்கனைகளின் கன்னத்து உட்புறத்தைச் சுரண்டி, மூடிய எக்ஸ் இருக்கிறதா என்று பார்த்து வந்தார்கள், பிறகு முறையை மாற்றி, 2000 சிட்னிக்கு முன்னால் விட்டுவிட்டார்கள். அந்தப் பழைய சோதனையை எனக்குச் செய்திருந்தால் என் கன்னத்து செல்லிலும் மூடிய எக்ஸ் தெரிந்திருக்கும், பெண் என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். தாடியோடு போய் வாங்கியிருக்கலாம்.

எக்ஸ்எக்ஸ்ஒய் ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு. ஆண்டுக்கு 30,000 குழந்தைகள் போலப் பிறக்கும் நம் ஊரில் வருஷத்துக்கு இருபத்தைந்து பையன்களாவது இருப்பார்கள் என்று கணக்கு. டென்மார்க்கில் பதிவேடுகளை வைத்துப் பார்த்ததில் நாலில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் தெரியவந்திருக்கிறது. மீதி மூன்று பேர் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டோ டாக்சி ஓட்டிக்கொண்டோ இருப்பார்கள். பேச்சும் வாசிப்பும் சிலருக்குத் தாமதமாகும் என்று ஆலோசகர் சொன்னபோது எனக்கு ஆரம்பப்பள்ளி ஞாபகம் வந்தது. படிப்பில் பின்தங்கியவர்களைப் போடும் இஎம்3 பிரிவில் இருந்தேன். ஆங்கில வாய்மொழித் தேர்வென்றால் வயிற்றைக் கலக்கும். அதைச் சொன்னேன். "அப்படியும் இருக்கலாம். ஆனால் இஎம்3இல் இருந்த எல்லோருக்கும் கூடுதல் எக்ஸ் இல்லையே, எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டாதீர்கள்" என்றார். பொய் ஆறுதல் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு மரியாதை வந்திருக்காது.

இனிமேல் கவனிக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தார்: எலும்பு அடர்த்தி ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு, காலில் ரத்தம் உறைவது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் மற்ற ஆண்களைவிட அதிகம் வரும், பெண்களுக்கு வரும் அளவுக்கு. மார்பில் கட்டி தெரிந்தால் வெட்கப்படாமல் வர வேண்டும். மார்பகப் புற்று மற்ற ஆண்களைவிடக் கூடுதல், பெண்களைவிடக் குறைவு. என் அசதிக்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டியதுதான், ஆனால் குழந்தைக்கான முயற்சி எல்லாம் முடிந்த பிறகு. ஊசி பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று, பிட்டத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். அல்லது தினமும் தோளில் தடவும் ஜெல். ஜெல் தடவினால் காயும்வரை மனைவியோ குழந்தையோ மேலே படக்கூடாது, அவர்கள் உடம்புக்கும் போய்விடும்.

குழந்தை விஷயத்தில் அவர் சொன்ன எண்தான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. விந்தில் ஒன்றுகூட இல்லாவிட்டாலும், நுண்நோக்கி வைத்து விரையைத் திறந்து தேடும் அறுவை சிகிச்சையில், எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்களில் நூற்றுக்கு நாற்பது ஐம்பது பேருக்கு எங்காவது ஒரு மூலையில் விந்தணு கிடைக்கிறது. கிடைத்தால் முட்டைக்குள் நேரடியாகச் செலுத்திக் கருவாக்கலாம். பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 46தான். கிடைக்காவிட்டால் தானமாகப் பெறும் விந்தணு, தத்து, எதுவும் வேண்டாம் என்று இருப்பது என எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார், எந்தப் பக்கமும் தள்ளவில்லை. கேகே, எஸ்ஜிஎச், என்யுஎச் மூன்று அரசாங்க மருத்துவமனைகளிலும் செயற்கைக் கருத்தரிப்பு நிலையம் இருக்கிறது. மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவிலிருந்து முதல் சுற்றுக்கு 6,000, அடுத்ததற்கு 5,000, மூன்றாவதற்கு 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை எடுக்கலாம். எங்களுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப் போனேன். விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் 1988 ஜூலையில் பிறந்தவன். அந்த வருஷம் மார்ச்சில் சூரிய கிரகணம். சுமத்ராவில் முழுசாக, இங்கே பெரும்பகுதி. வயிற்றில் என்னை வைத்துக்கொண்டு அம்மா அன்றைக்குத் துணி காயப்போட வெளியே போயிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேலாக அதை மனசில் வைத்திருந்து, அந்த அறையில் போட்டு உடைத்தார். நான் மொழிபெயர்த்தேன். ஆலோசகர் தாளில் ஒரு கோடு இழுத்தார். இடது ஓரத்தில் முட்டையும் விந்தணுவும், நடுவில் மார்ச் 1988, வலது ஓரத்தில் ஜூலை. குரோமோசோம் பிரியாமல் ஒட்டிக்கொண்டு வந்தது இடது ஓரத்தில், கரு உண்டாவதற்கும் முன்னால். அது அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம், ஏறத்தாழ பாதிக்குப் பாதி. யாரும் எதையும் செய்து வரவழைக்க முடியாது, தடுக்கவும் முடியாது. "கிரகணம் வந்தபோது உங்கள் மகனுக்கு ஏற்கெனவே 47 இருந்தது, ஆன்ட்டி." அம்மா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "அப்ப உங்கப்பாவா இருக்கும்டா" என்றார்.

இப்போதெல்லாம் கர்ப்பிணியின் ரத்தத்திலேயே குழந்தையின் எக்ஸ், ஒய் எண்ணிக்கையைச் சோதிக்கிறார்கள், பத்தாவது வாரத்திலிருந்து. இந்த அறைக்கு வருபவர்களில் அப்படிப்பட்ட தம்பதிகள் நிறைய என்றார் ஆலோசகர். அதில் வருவது நஞ்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகள். எக்ஸ், ஒய் விஷயத்தில் பொய்யெச்சரிக்கை சகஜம், ஒற்றை எக்ஸ் என்று வந்தால் இன்னும் அதிகம், தாயின் செல்களே குழப்பலாம். பனிக்குட நீரை எடுத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று அவர்களிடம் சொல்வாராம். யாராவது அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், முடிவு ஏடாகூடமாக வந்தால் யார் உட்கார்ந்து விளக்குவார்கள் என்று முதலில் கேளுங்கள். மின்னஞ்சலில் அறிக்கை அனுப்புவதோடு சரி என்றால் வேறு இடம் பாருங்கள்.

குறைகள். முன்பதிவு கிடைக்க ரொம்ப நாள் ஆகிறது. ஆலோசகரைப் பார்க்கும் நாளும் ஹார்மோன் டாக்டரைப் பார்க்கும் நாளும் ஒன்றாக அமைவதே இல்லை, இரண்டுக்கும் தனித்தனியாக விடுப்பு. காத்திருக்கும் இடம் மகப்பேறு ஸ்கேன் பகுதியோடு சேர்ந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருபவர்களுக்கு நடுவில் குழந்தை இல்லாத தம்பதிகளை உட்கார வைப்பது யாருடைய யோசனையோ. ஆலோசனைக் கட்டணம் மானியம் போக ஐம்பது வெள்ளிக்குள் முடிந்தது, குரோமோசோம் சோதனைக்குத் தனியாகச் சில நூறு. முன்கூட்டியே எவ்வளவு என்று கவுண்டரில் கேட்டால் ஆளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்தில் மட்டும். அம்மாவுக்கு நான் இருந்தேன், எல்லோருக்கும் அப்படி ஒருவர் இருக்கமாட்டார். அதுவும் மகனே தன் விரையின் அளவைப் பற்றி அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது இரண்டு பேருக்கும் சுகமான அனுபவமில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டுமாம். அதை நாங்கள் போன பிறகுதான் சொன்னார்கள். இதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன், நான்கு கொடுக்கிறேன். கருத்துப் படிவத்திலும் இதையே எழுதிப் போட்டிருக்கிறேன்.